பிராசஸரை மாற்றும் நேரம் வந்துவிட்டதா, இல்லை கோளாறு வேறு எங்காவதா?

அல்சூர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வருகிற வேலையில் பாதி தமிழ்க் கல்யாணம், பாதி கன்னடக் கல்யாணம். மெஷின் இதுதான்: ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் (எட்டு எட்டாக இரண்டு), ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11 இருக்கும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, புட்டேஜுக்கு (எடுத்த வீடியோவை வைக்க) ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் சாப்ட்வேரில்தான் வேலை.

பழைய கேமரா இருந்தவரை குறையே இல்லை. சோனி ஏ7 மார்க் 4-க்கு மாறியதிலிருந்துதான் தொல்லை. பிளே அழுத்தினால் தாலி கட்டுகிற ஷாட்டே திக்கித் திக்கி ஓடுகிறது. எக்ஸ்போர்ட் (முடித்த படத்தை பைலாக எடுப்பது) போட்டுவிட்டுத் தூங்கினால்தான் உண்டு. போதாததற்கு இப்போது எல்லா வீட்டிலும் காலை முகூர்த்தத்தின் ஹைலைட்ஸை அன்று மாலை ரிசப்ஷனில் எல்இடி திரையில் போடச் சொல்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். என்ன வேலை செய்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. "2018 பிராசஸர் சார், எல்லாத்தையும் மாத்திடுங்க" என்று பிராசஸர், போர்டு, டிடிஆர்5 ரேம், கேபினெட் வரைக்கும் கொட்டேஷன் எழுதி நீட்டிவிட்டார். தொகையைப் பார்த்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தெரிந்துகொள்ள வேண்டியது: இதற்குக் காரணம் பிராசஸர்தானா? ஆமென்றால் இதே போர்டில் வேறு பிராசஸர் போட்டால் போதுமா, முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

சீக்கிரம்_முடி

ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸர் வாங்கிப் போடுங்க பாஸ். பி450-ல் அப்படியே உட்காரும். அடுத்த கேள்வி.

கம்பைலர்

அவசரம் வேண்டாம் அண்ணா. "மெதுவாக இருக்கிறது" என்பதை மட்டும் வைத்து எதையும் வாங்க முடியாது. எந்த வேலையில் காத்திருக்கிறீர்கள் என்று முதலில் பிரியுங்கள். கார்டிலிருந்து புட்டேஜ் இறங்குவது ஒன்று, வெட்டி ஒட்டுகிற டைம்லைன் திக்குவது ஒன்று, எக்ஸ்போர்ட் ஒன்று. மூன்றுக்கும் குற்றவாளி ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்பார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்களைக் காட்டும்படி மாற்றுங்கள். 2600-க்கு ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). பன்னிரண்டு சின்னக் கட்டங்கள் வரும். மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே த்ரெட்டில் ஓடுகிற வேலை அந்த த்ரெட்டை முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் 8 சதவீதம் சொச்சம்தான் காட்டும். விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பதால், கட்டங்கள் மாறி மாறி ஏறி இறங்குவதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "சிபியு சும்மாதானே இருக்கிறது" என்று நினைக்கக் கூடாது. அப்படிப்பட்ட வேலைக்கு எட்டு கோர், பதினாறு கோர் வாங்கிப் பயனில்லை, ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் டிஸ்க், மெமரி, ஜிபியு எல்லாம் இருக்கின்றன. ஜிபியுவுக்குள் (கிராபிக்ஸ் கார்டு) வீடியோ டிகோட், அதாவது சுருக்கிய வீடியோவை விரிப்பது, என்று ஒரு வரைபடம் தனியாக இருக்கும். உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாப்ட்வேரை இறக்கி வெப்பநிலையையும் பாருங்கள். 2600-க்கு உச்ச வரம்பு 95 டிகிரி. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது தேவைப்படுவது கூலருக்கு தெர்மல் பேஸ்ட்டும் தூசி தட்ட ஒரு பிரஷ்ஷும்தான்.

அல்சூர்க்காரன்

நன்றி தம்பி. பார்த்தேன்.

புட்டேஜ் இறங்கும்போதும் பிராஜெக்ட் திறக்கும்போதும்: டிஸ்க் 100 சதவீதம், சிபியு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

டைம்லைன் ஓடும்போது: பன்னிரண்டு கட்டமும் உச்சியில். ஜிபியுவில் வீடியோ டிகோட் சுத்தமாக 0. இதே மெஷினில் பழைய கேமரா கிளிப்பை ஓட்டினால் டிகோட் ஏறுகிறது, சிபியு இறங்கிவிடுகிறது.

எக்ஸ்போர்ட்: சிபியு 100, வீடியோ என்கோட் கொஞ்சம்போல் அசைகிறது, டிகோட் 0.

வெப்பம் எழுபதுகளில். மெமரி பக்கத்தில் வேகம் 2133 என்று போட்டிருக்கிறது. ரேம் பெட்டியில் 3200 என்று இருந்த ஞாபகம்.

மர்பிடவுன்_ஸ்டூடியோ

விஷயம் கிடைத்துவிட்டது. நானும் இதே தொழில்தான், அல்சூருக்குப் பக்கத்திலேயே.

மார்க் 4-ல் 10 பிட் 4:2:2-ல் எடுக்கிறீர்கள், சரியா? நிறத் தகவலை அதிகமாக வைக்கிற அந்த 4:2:2-தான் வில்லன். கிராபிக்ஸ் கார்டுக்குள் வீடியோவை விரிக்க என்றே தனி வன்பொருள் இருக்கிறது. ஆனால் எல்லா வகை வீடியோவையும் அது விரிக்காது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டுக்கும் 4:2:2 தெரியாது. உங்கள் 1660 சூப்பருக்கு மட்டுமில்லை, போன தலைமுறையில் லட்சத்துக்கு மேல் விற்ற 4090-க்கும் தெரியாது. கார்டு கையை விரித்துவிட்டால் மொத்தச் சுமையும் சிபியு தலையில்தான். பழைய கேமரா கொடுத்தது நிறத் தகவல் குறைவான 4:2:0, அதைக் கார்டே விழுங்கிவிட்டது. நீங்கள் பார்த்த அந்த 0-வுக்கு அர்த்தம் இதுதான்.

இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்று ஒன்று உண்டு. 11-ஆம் தலைமுறையிலிருந்து அது எச்.265 என்ற சுருக்க முறையில் வரும் 4:2:2-ஐ விரிக்கும். அதனால்தான் எடிட்டிங் வட்டாரத்தில் "இன்டெல் போடு, இன்டெல் போடு" என்கிறார்கள். இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் கொஞ்சம் விலை குறைவு என்று 12400எஃப் மாதிரி எஃப் போட்ட பிராசஸரைக் கையில் திணிப்பார்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. எதற்காக இன்டெலுக்குப் போனோமோ அதுவே இல்லாமல் போய்விடும். இரண்டாவது, சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் 4கே என்ற பதிவு வகை பழைய சுருக்க முறையான எச்.264. அதில் வரும் 4:2:2-ஐ 12, 13, 14-ஆம் தலைமுறை குவிக் சிங்க்கும் தொடாது. எக்ஸ்ஏவிசி எச்எஸ்-ல் எடுத்தால்தான் எச்.265. ஆனால் நம் ஊர் பால் (PAL) வீடியோ செட்டிங்கில் மார்க் 4-ல் 4கே எச்எஸ்-க்கு 25 பிரேம் கிடையாது, 50-க்குத்தான் போக வேண்டும். மெனுவைப் பார்த்தால் தெரியும்.

அதனால் கடைக்காரர் கொட்டேஷன் படியே முழு செட் மாற்றியிருந்தாலும், எந்த பிராசஸர் எழுதினார் என்பதைப் பொறுத்து அதே தாலி ஷாட் அதே மாதிரி திக்கியிருக்கலாம்.

பழையகாசு

நான் எடிட்டர் இல்லை, பட்ஜெட் ஆள். காசுக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

அப்கிரேடு என்பது போர்டில் இருக்கும் சாக்கெட்டோடு (பிராசஸர் உட்காரும் இடம்) கட்டிய விஷயம். உங்கள் பி450 மாதிரி ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2016-ல் வந்த சாக்கெட்டுக்கு 2024-லும் புதுப் பிராசஸர் விட்டார்கள். பி450-ல் 2600-ஐக் கழற்றிவிட்டு 5600, 5700எக்ஸ், ஏன் 5950எக்ஸ் வரைக்கும் போடலாம். ரேம், போர்டு, பவர் சப்ளை அப்படியே இருக்கும். இன்டெல் பக்கம் அந்தச் சலுகை இல்லை: 10, 11-க்கு ஒரு சாக்கெட், 12, 13, 14-க்கு ஒரு சாக்கெட், அதற்கடுத்த கோர் அல்ட்ரா 200-க்கு இன்னொன்று. ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை எங்கே போயிருக்கிறது என்று பார்த்தீர்களா? மெமரி கம்பெனிகள் எல்லாம் ஏஐ சர்வர் பக்கம் ஓடிவிட்டன. டிசம்பரில் மைக்ரான் குருஷியல் என்ற நுகர்வோர் பிராண்டையே மூடுவதாக அறிவித்துவிட்டது. கையில் ஓடுகிற டிடிஆர்4 வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போடுகிற காலம் இதுவல்ல.

வேகம் எவ்வளவு கூடும்? ஏஎம்டி சொன்ன கணக்குப்படி, அதே கிளாக்கில் (கடிகார வேகம்) 2600-ன் ஜென் பிளஸ் வடிவமைப்பைவிட அடுத்து வந்த ஜென் 2 15 சதவீதம் வேகம், அதைவிட 5700எக்ஸ்-ல் இருக்கும் ஜென் 3 19 சதவீதம் வேகம். அதற்கு மேல் பூஸ்ட் (உச்ச கிளாக்) 3.9-லிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸுக்குப் போகிறது, கோர் ஆறிலிருந்து எட்டு. எல்லாக் கோரும் முழு வீச்சில் ஓடும்போது கிளாக் அந்த உச்சத்தில் நிற்காது. ஆனாலும் எல்லா த்ரெட்டையும் பயன்படுத்துகிற எக்ஸ்போர்ட்டில் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகலாம்.

சீக்கிரம்_முடி

நான் முதல் பதிலிலேயே சொன்னேனே. :)

கம்பைலர்

சொன்னீர்கள், ஆனால் எதற்கு என்று சொல்லவில்லையே.

இன்னொரு விஷயம், கோர் கணக்கை நேரடியாகப் பெருக்காதீர்கள். 1967-லேயே கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொல்லிவிட்டுப் போனது: வேலையில் எவ்வளவு பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியாதோ, அந்தப் பங்குதான் கடைசியில் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும். பந்தியில் பரிமாற எட்டுப் பேரை நிறுத்தினாலும் சாதம் வடிக்கிற ஆள் ஒருவர்தான் என்றால் இலை காத்துக்கொண்டுதான் இருக்கும். பாதி வேலையைப் பிரிக்க முடியாது என்றால் ஆயிரம் கோர் போட்டாலும் இரண்டு மடங்கு வேகத்தைத் தொட முடியாது.

என் ஆபீஸ் லேப்டாப்பிலேயே இந்தக் கதைதான். ஆண்ட்ராய்டு பில்டு கம்பைல் ஆகும்போது எல்லாக் கோரும் நிரம்பும், கடைசி கட்டங்களில் ஒன்றிரண்டு கோர் மட்டும் முக்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு பைலையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடும்.

மடிவாளா_மெஸ்

நடுவில் ஒரு சந்தேகம், இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். அப்பா கடையில் ஐ5 7400, எச்110 போர்டு, 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். டேலியும் பிரவுசரும் மட்டும்தான். டேலி திறக்கவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். விண்டோஸ் 10-க்கும் சப்போர்ட் முடிந்துவிட்டதே, செகண்ட்ஸில் ஐ7 7700 கிடைக்கிறது, போடலாமா?

பழையகாசு

வேண்டாம் தம்பி. மூன்று காரணம், சுருக்கமாக.

திறக்க நேரமாவது ஹார்டு டிஸ்க்கால். அதை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் அப்பா புது கம்ப்யூட்டர் என்றே நினைப்பார். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது இன்டெலில் 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். 7700-ம் 7-ஆம் தலைமுறைதான், காசு போட்டும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். 8-ஆம் தலைமுறை பிராசஸர் அதே சாக்கெட்டில் பார்வைக்கு உட்காரும், எச்110-ல் ஓடாது. இன்டெல் பின் ஏற்பாட்டை மாற்றிவிட்டது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது உண்மை. வீட்டு உபயோகத்துக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அதற்குள் காசு சேர்த்து போர்டோடு மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே பிராசஸர் மாற்றுவது வேகத்துக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

ஹெட்ஷாட்

கேம் ஆடுபவர்களுக்கும் ஒரு வரி: ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு ஓடும் பிரேம்) நன்றாக ஏறினால் மாட்டிக்கொண்டிருப்பது கார்டு. அசையவே இல்லை என்றால் பிராசஸர். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்) வைத்தவை கேமுக்குத்தான் பேய் மாதிரி ஓடும், எடிட்டிங்குக்கு அந்த எக்ஸ்ட்ரா காசு வீண். இன்டெல் பக்கம் செகண்ட்ஸில் 13900கே, 14900கே பார்க்கிறவர்கள் உஷார். அதிக வோல்டேஜ் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிற பிரச்சினை 2024-ல் வெளியே வந்தது. இன்டெல் மைக்ரோகோடு என்ற சிப் அப்டேட் விட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது.

கறுப்புப்பெட்டி

இன்டெலே வேஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

நடுவர்

ஏஎம்டியா இன்டெலா சண்டையில் வந்த ஏழெட்டுப் பதிவுகளை எடுத்துவிட்டேன். இரண்டு கம்பெனிக்கும் இந்த ஊரில்தான் பெரிய கூடாரம். ஏஎம்டி தன் உலகிலேயே பெரிய வடிவமைப்பு மையத்தை 2023 நவம்பரில் பெங்களூரில் திறந்தது. சிப் போடுகிற ஆட்களே சாயங்காலம் ஒரே டீக்கடையில் நின்று பேசிக்கொள்வார்கள், நாம் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும். அல்சூர்க்காரர் கேள்விக்குத் திரும்புவோம்.

மர்பிடவுன்_ஸ்டூடியோ

திரும்புகிறேன். இவரிடம் மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் நான் ஓட்டியிருக்கிறேன்.

காசே இல்லாத வழி ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் ஒரு சின்ன நகல். மார்க் 4 கேமராவே எடுக்கும்போதே கூடவே ஒரு சின்ன பைலும் எழுதும். மெனுவில் ப்ராக்ஸி ரெக்கார்டிங்கை ஆன் செய்து எக்ஸ்ஏவிசி எஸ் எச்டி தேர்ந்தெடுங்கள். கிளிப் சி0001 என்றால், கார்டில் சப் என்ற போல்டருக்குள் அதே பெயரோடு எஸ்03 ஒட்டிக்கொண்டு இன்னொன்று இருக்கும். பிரீமியரில் கிளிப்புகளைத் தேர்ந்து அட்டாச் ப்ராக்ஸீஸ் கொடுத்து, டாகிள் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. 1660 சூப்பர் அதைச் சுலபமாக ஓட்டும், டைம்லைன் வெண்ணெய். மண்டபத்தில் உட்கார்ந்து ஹைலைட்ஸ் வெட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் எக்ஸ்போர்ட் ஒரிஜினலைத்தான் படிக்கும். அங்கே ப்ராக்ஸி உதவாது, பழைய சுமை பழையபடி சிபியுவுக்கே.

அடுத்த வழி கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி 50 வரிசைக் கார்டு எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ விரிக்கும். பிரீமியரும் 2025-லிருந்து அதைப் பயன்படுத்துகிறது, பதிப்பை மட்டும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டைம்லைன், எக்ஸ்போர்ட் இரண்டிலும் சிபியு தலையிலிருந்து பாரம் இறங்கும். அதற்கு 145 வாட், 1660 சூப்பருக்கு 125. நல்ல பவர் சப்ளை என்றால் அதையும் மாற்ற வேண்டாம். பி450-ல் கார்டு சொருகும் இணைப்பு பழைய பிசிஐ 3-தான் என்று பயமுறுத்துவார்கள், எடிட்டிங்கில் அதனால் தலை போகாது.

கடைசி வழி 5700எக்ஸ். இரும்படி அடித்துத் தீர்க்கிற வழி. 4:2:2-ஐ சாப்ட்வேரிலேயே விரிக்கும், 2600-ஐவிட நன்றாக விரிக்கும், ஆனால் இரண்டு கேமரா மல்டிகேமில் மறுபடி மூச்சு வாங்கும். ஷாட்டின் ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் அலசலுக்கு மட்டும் இதுதான் கை கொடுக்கும், அந்த வேலை முழுக்க சிபியுவில் நடப்பது.

அல்சூர்க்காரரே, பென்டிரைவில் உங்கள் கிளிப்பையும் பிராஜெக்ட்டையும் போட்டு எடுத்து வாருங்கள். என்னிடம் 5060 போட்ட மெஷின் இருக்கிறது. ஊரான் பெஞ்ச்மார்க்கைப் பார்ப்பதைவிட உங்கள் வேலையையே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அல்சூர்க்காரன்

மிக்க நன்றி அண்ணா, வருகிறேன். எக்ஸ்போர்ட்டைப் பற்றி எனக்கே ஒரு கேள்வி இருக்கிறது. முழுப் படத்தின் எக்ஸ்போர்ட் ராத்திரிதான் ஓடுகிறது. நான் தூங்கும்போது அது இரண்டு மணி நேரம் எடுத்தால் என்ன, நாலு மணி நேரம் எடுத்தால் என்ன? அதற்குப் போய் காசு செலவு செய்ய வேண்டுமா?

கம்பைலர்

அருமையான கேள்வி. நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து காத்திருக்கிற நேரத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். தூங்குகிற நேரத்துக்கு எதற்கு?

விவேக்நகர்_விஷுவல்ஸ்

தம்பி இன்னும் கல்யாண வீட்டாரிடம் மாட்டவில்லை என்று தெரிகிறது. ராத்திரி எக்ஸ்போர்ட் முடிந்தது, காலையில் லிங்க் அனுப்பியாயிற்று. பதினோரு மணிக்குப் போன் வரும்: "தம்பி, பெரிய மாமா பேர்ல ஒரு எழுத்து தப்பா வந்திருக்கு. அவர் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க." ஒரு எழுத்துக்காக மூன்று மணி நேரப் படத்தை மறுபடி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, மெஷினைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆர்டரை அன்று தொடவே முடியாது. அந்தக் காத்திருப்புக்குத்தான் நான் பிராசஸர் வாங்கினேன்.

ராத்திரியிலும் நிம்மதி கிடையாது. மின்சாரக் கம்பெனி பெஸ்காம் நடு ராத்திரியில் கரண்ட்டைப் பிடுங்கினால் சின்ன யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? எக்ஸ்போர்ட் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது.

மர்பிடவுன்_ஸ்டூடியோ

மாமா பேருக்குப் பிராசஸர் வேண்டாம் அண்ணே! முதல் தடவையே முழுப் படத்தையும் குறைவாகச் சுருக்கும் புரோரெஸ் வகையில் ஒரு மாஸ்டராக எடுத்து வைத்துவிடுங்கள். பைல் பெரிதாகத்தான் இருக்கும், ஹார்டு டிஸ்க் எதற்கு இருக்கிறது. திருத்தம் வந்தால் மாஸ்டரைப் புது டைம்லைனில் போட்டு, தப்பு இருக்கும் துண்டை மட்டும் ஒரிஜினலிலிருந்து திருத்தி அதன் மேல் வைத்து, அங்கிருந்து எச்.264 எடுங்கள். புரோரெஸ்ஸை விரிப்பதில் சிபியுவுக்குப் பெரிய சிரமமில்லை, கலர், எஃபெக்ட் எதையும் மறுபடி கணக்குப் போட வேண்டியதுமில்லை.

விவேக்நகர்_விஷுவல்ஸ்

இது நல்லாயிருக்கே. நானும் செய்து பார்க்கிறேன்.

அல்சூர்க்காரன்

மர்பி டவுன் அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டு வந்தேன். காபியும் கொடுத்தார்.

என் கிளிப் அவர் 5060-ல் ஒரு திக்கல் இல்லாமல் ஓடியது. டாஸ்க் மேனேஜரில் வீடியோ டிகோட் ஏறியதும் சிபியு கால்வாசிக்குக் கீழே இறங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எக்ஸ்போர்ட்டிலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. வார்ப் ஸ்டெபிலைசர் போட்ட கிம்பல் ஷாட்டுகளில் மட்டும் கார்டு இருந்தும் பெரிய மாற்றமில்லை.

வீட்டுக்கு வந்து பயாஸில் (போர்டின் அடிப்படை சாப்ட்வேர்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் செய்தேன். 3200-ல் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனது, அதனால் 2933-ல் நிறுத்திவிட்டேன்.

கம்பைலர்

சரியான இடம்தான். 2600-க்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்வதும் 2933-தான். அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் பயாஸ் பக்கமே போயிருக்க மாட்டார்கள். அதனால் ரேம் இத்தனை காலம் 2133-லேயே ஓடியிருக்கிறது. புட்டேஜ் டிஸ்க்?

அல்சூர்க்காரன்

போர்டில் ஒரு எம்.2 இடம் காலியாக இருந்தது. நடப்பு பிராஜெக்ட்டுக்கு மட்டும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். ஹார்டு டிஸ்க் இனிமேல் முடிந்த வேலைகளை வைக்க மட்டும். எஸ்எஸ்டி விலையும் ஏறித்தான் கிடக்கிறது, அதனால் 2 டிபி ஆசையை விட்டுவிட்டேன்.

இப்போதைய எண்ணம்: கார்டு இந்த வாரமே, பிராசஸர் பிறகு. பிராசஸரை எப்போது மாற்றலாம் என்று யாராவது சொல்லுங்கள். வைகாசி வரைக்கும் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது.

விவேக்நகர்_விஷுவல்ஸ்

சீசன் நடுவில் பிராசஸரைத் தொடவே தொடாதீர்கள். கார்டு என்றால் பிடிக்காவிட்டால் பழையதை மறுபடி சொருகிவிடலாம். பிராசஸர் என்றால் பயாஸ், கூலர், பின் என்று எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நம்மை மாதிரி இரண்டு பக்கமும் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வே கிடைக்காது. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் வந்து கல்யாணம் நிற்கும்போது நம் ஆட்களுக்கு ஆனி முகூர்த்தம் ஓடும், ஆடி பிறந்த கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஸ்ராவணம் தொடங்கிவிடும். இந்த வருஷம் 2026-ல் அதிக மாசம் (கூடுதலாக வரும் சந்திர மாதம்) வருவதால் ஆஷாடம் தள்ளிப்போய் ஆடியோடு கிட்டத்தட்ட ஒன்றாக விழுகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இரண்டு பக்கமும் காலி. இப்படி மொத்தமாகக் கிடைப்பது அபூர்வம்.

பழையகாசு

ஆடித் தள்ளுபடியும் கிடைத்தால் சந்தோஷம். :) மாற்றும்போது கவனிக்க வேண்டியவை, எனக்குத் தெரிந்தவரை:

போர்டு கம்பெனியின் பக்கத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலில் 5700எக்ஸ்-க்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பாருங்கள். 2600 போர்டில் இருக்கும்போதே அந்த பயாஸை ஏற்றிவிட வேண்டும், கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரையே வராது. ஏற்றும்போது யுபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்தது.

பயாஸ் ஏற்றினாலும் பிராசஸர் மாற்றினாலும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியின் சாவிகள் அழிந்துபோகலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் திறக்காமல் ரெக்கவரி சாவி கேட்கும். தெரியாமலே ஆன் ஆகியிருப்பதும் உண்டு. சாவியை முன்பே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏஎம்4-ல் பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைந்தால் அதை விற்கவும் முடியாது. இடமும் வலமும் மெதுவாகத் திருகி, ஒட்டு விட்ட பிறகு தூக்குங்கள்.

5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. 2600-ஓடு வந்த குட்டிக் கூலர் சமாளிக்கும், சத்தம் போடும். ஒரு சாதாரண டவர் கூலருக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். 5700ஜி என்று ஒன்றைக் காட்டி "அதேதான் சார்" என்பார்கள். அதேதான் அல்ல, எல்3 கேஷ் அதில் பாதி.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோடு பெரும்பாலும் மூடிக் கிடக்கும். வார நாளில் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள், வண்டி எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

அல்சூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. கார்டு போட்டுவிட்டேன், போன முகூர்த்தத்தின் ஹைலைட்ஸ் திரையில் ஓடி முடிந்தது. இனி கார்டு இருந்தும் காத்திருக்க வைக்கிற வேலை ஸ்டெபிலைசர் ஒன்றுதான். வைகாசி முடியும் வரை அதில் உட்கார்ந்த நேரத்தைக் குறித்து வைக்கப் போகிறேன். கணிசமாக வந்தால் ஆடியில் 5700எக்ஸ், இல்லையென்றால் 2600-ஏ இன்னொரு வருஷம் ஓடட்டும்.

மடிவாளா_மெஸ்

அண்ணா, அப்பா கடைக்கு எஸ்எஸ்டி போட்டாயிற்று, டேலி டக்கென்று திறக்கிறது. வீட்டில் என் தங்கையின் மெஷின் ரைசன் 3 1200, ஏ320 போர்டு. விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை, 2600 இருக்கிறது. பயாஸ் ஏற்றினால் அந்த போர்டில் 2600 போகும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். ஆடியில் கழற்றினால் வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.

அல்சூர்க்காரன்

சொல்கிறேன் தம்பி. பின் வளையாமல் எடுத்தால் உங்களுக்குத்தான்.